மூன்று இணையதளங்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

விடுதி வார்டன் காலையிலிருந்தே செல்போனும் கையுமாக இருந்தார். அறுபது பெண்கள் தங்கிப் படிக்கும் இடம். முந்தின நாள் இரண்டு பேருக்கு வாந்தி. தண்ணீர்தான் காரணம் என்று முடிவுகட்டி, மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது என்று அதில் தேடினார். பார்த்த மூன்று இணையதளங்களும் ஒரே அளவைச் சொல்லின: தொட்டிக்கு மூன்று டப்பா. மூன்று இடத்தில் சொன்ன பிறகு இன்னும் என்ன சந்தேகம்? ஆள் வைத்துக் கொட்டிவிட்டு, 'தண்ணீர் சுத்தம் செய்யப்பட்டது. பயமின்றிக் குடிக்கலாம்' என்று கீழே சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போட்டார். அத்தனை அவசரம்!

மதியம் குழாய் பழுது பார்க்க வந்த பிளம்பர், தொட்டி மூடியைத் திறந்த வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வார்டனின் மாடியறைக்கு வந்தார்.

"மேடம், எவ்வளவு போட்டீங்க? கிட்ட போக முடியல!"

"மூணு டப்பா அண்ணே. நானா ஒண்ணும் போடல. மூணு சைட்ல பாத்துட்டுத்தான் போட்டேன். இந்தாங்க, நீங்களே பாருங்க."

பெருமையாகத்தான் போனை நீட்டினார். முதல் பக்கத்தில் ஒரு நீலத் தொட்டி, பக்கத்தில் சாய்ந்த ஏணி. இரண்டாவதிலும் அதே தொட்டி, அதே ஏணி. மூன்றாவதிலும் அதேதான். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. தொட்டி எத்தனை லிட்டர் என்ற பேச்சே இல்லை. மூன்றின் அடியிலும் ஒரே போன் நம்பர்தான், பவுடர் வேண்டுமென்றால் அழைக்கச் சொல்லி.

"விக்கிறவன் கொஞ்சமாப் போடுன்னா சொல்லுவான்?" என்றார் பிளம்பர்.

வார்டனுக்குப் பகீரென்றது. குடிக்கிற குழாய்க்கும் இதே தொட்டிதானே! "வால்வை மூடுங்க அண்ணே!" என்று கத்திக்கொண்டே, செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

சாப்பாட்டுக் கூடத்தில், நேற்று வாந்தி எடுத்தவர்களில் ஒருத்தி டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். வார்டன் பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது.

"குடிச்சியா? சொல்லுடி, குடிச்சியா?"

"இல்ல மேடம். ஒரு மாதிரி நாத்தம் அடிச்சுது. வேணாம்னுதான் நெனச்சேன்..." அந்தப் பெண் பலகையைக் காட்டினாள். "ஆனா நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்களே. மேடம் சும்மாவா எழுதுவாங்கன்னுட்டு..."

வார்டன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த மூணு சைட்டோட நாலாவதா நானும் சேந்துட்டேன், பாரு."

தொட்டியைக் காலி செய்து கழுவி, சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டு அளவு கேட்ட பிறகே பலகையில் புதிதாக எழுதினார். சொன்ன அதிகாரியின் பெயர், தேதி, நம்பர் எல்லாம் இருந்தன. அதன் கீழே இப்படி இருந்தது: 'ஒரு செய்தி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணி நம்பாதீர்கள். யார் எழுதினார், எதற்காக எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். என்னையும் கேளுங்கள்.'

அந்தப் பெண் நின்று இரண்டு முறை வாசித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "மேடம், இந்த நம்பருக்கு நானும் ஒரு தடவ பேசிக் கேட்டுக்கட்டுமா?" என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் வார்டனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும்.

"கேளு தங்கம். கேட்டுட்டு அப்பறம் குடி," என்று தன் போனையே அவள் கையில் கொடுத்தார்.