நம்ம பூஞ்சை

மனித குலத்தின் வருங்காலம் ஒரு வைக்கோல் குவியலுக்குள்ளிருந்து புறப்படப்போகிறது என்று அண்ணன் அறிவித்தார். கேட்டவர்கள் இரண்டே பேர். தம்பியின் வாயில் சோறு இருந்தது. தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது வருங்காலம் அல்ல, மூச்சு. அறுவடை முடிந்து வயலில் வைக்கோலை எரிக்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிடும். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததே பெரும்பாடு.

"இந்த வருஷம் தீக்குச்சிக்கே வேலையில்லம்மா. பூஞ்சை தின்னு எருவாக்கிடும். நான் இருக்கேன்ல" என்றார் அண்ணன்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்குக் கொஞ்சம் பயம்.

ஆனால் பூஞ்சை வேலை செய்தது. வாங்கி வந்த பூஞ்சை வித்தைத் தூவி, தண்ணீர் தெளித்து, தார்ப்பாயால் மூடினார்கள். குவியலுக்குள் வெள்ளை வெள்ளையாக நூலோடியது. கை வைத்தால் கதகதவென்றிருந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அண்ணனுக்கு அது போதவில்லை. விவசாய அதிகாரியை அழைத்தார். பந்தல், நாற்காலி, மைக். அவர் வருகிற அன்று காலையில் பார்த்து குவியல் லேசாக நாறியது.

"பெரிய மனுஷன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டா நிப்பாரு? பினாயிலைக் கொண்டாடா."

"அண்ணே, அது பூஞ்சையைக் கொன்னுடாதா?"

"கெட்ட பூஞ்சையைத்தான்டா கொல்லும். இது நம்ம பூஞ்சை."

வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார்கள். அதிகாரி வந்தார், முகர்ந்தார், "சுத்தம்னா இதுதாங்க சுத்தம்" என்றார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு குவியல் ஆறிப்போனது. வெள்ளை நூல் பழுப்பாகிச் சுருண்டது. "ஓய்வெடுக்குது" என்றார் அண்ணன். விதைப்பு நெருங்கியது. வைக்கோல் வைக்கோலாகவே காய்ந்து கிடந்தது.

"நம்ம பூஞ்சை எப்ப மாமா எந்திரிக்கும்?" என்று தம்பி மனைவி கேட்டாள். அண்ணன் பேப்பரைப் புரட்டினார்.

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அவளுக்குப் போய்த் தங்க வேறு வீடில்லை. ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புகை எப்படியோ உள்ளே வந்தது. பின்னாலேயே அண்ணனும் வந்தார், இருமிக்கொண்டு.

"அதைக் கொஞ்சம் குடும்மா."

கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, திரும்பத் திரும்ப இழுத்தார். கைக்கு வந்ததும் அவள் குலுக்கிப் பார்த்தாள். காலி.

அவருக்கு இருந்தது வெறும் தொண்டைக் கரகரப்பு.