அரம் படாத விளிம்பு

டங்! டங்! டங்! தலைக்கு மேலே கிரேன் மணி அலற, எட்டடி நீள இரும்புத் திருகு ஒன்று கதிர்காமநாதனின் மேசையில் வந்து இறங்கியது.

"மூன்று மணிக்கு தேவராஜா பார்க்க வருவார்!" என்று ஆங்கிலத்தில் கத்தினான் கிரேன்காரன்.

வரட்டும். அவனுக்காகத்தானே இத்தனை நாளும் காத்திருந்தது!

கடைந்து முடித்த திருகின் புரிகள் சவர அலகு போலக் கூராக இருக்கும். அரத்தால் பிசிரைச் சீவி விளிம்பை மழுக்குவதுதான் கதிர்காமநாதனுக்கு இப்போது வேலை. மெல்போர்னின் மேற்கே இருந்த அந்தத் தொழிற்சாலையில், 1974 தொடங்கும்வரை அவன் கடைசல் இயந்திரத்தில் நின்றவன். அவனுடைய கொழும்புச் சான்றிதழ் கள்ளச் சான்றிதழ் என்று மனேஜரிடம் கோள்மூட்டி இந்த மேசைக்குத் தள்ளியவன், சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் தேவராஜா. அதற்கு முதல்நாள்தான் கதிர்காமநாதன் வீட்டில் அவன் மனைவி கல்யாணி வைத்த நண்டுக் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றிருந்தான்.

தேவராஜா கையுறை போடமாட்டான். வெறும் பெருவிரலைப் புரியில் அழுத்தி, முனைக்கு முனை ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் பெருமை. அவனுக்குப் பிறகு அந்தச் சோதனைக்காரன் கதிரைக்கு வரக்கூடியவன் கதிர்காமநாதன் ஒருவன்தான்; கோள்மூட்டியதும் அதனால்தான்.

கதிர்காமநாதன் எல்லாப் புரிகளையும் தேய்த்தான். நடுவில் ஒரு சாண் நீளத்தை மட்டும் தொடாமல் விட்டான்.

"என்ன ஐசே, அரம் பிடிக்கவும் உமக்கு ஒரு சேர்டிபிகேட் வேணுமோ?" தேவராஜா வந்துவிட்டான்.

"முடிஞ்சுது அண்ணை. வடிவாத் தடவிப் பாருங்கோ."

பெருவிரல் ஓடியது. நடுப்பகுதியை நெருங்கியது. கதிர்காமநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறலுக்குக் காத்திருந்தான்.

அலறல் வரவில்லை. பின்னால் சிவப்புக் கோடு ஒன்று நீள, விரல் மறுமுனைவரை நிதானமாகப் போய்ச் சேர்ந்தது.

"ம். குறை சொல்ல ஏலாது. நல்ல வழுவழுப்பு."

இரத்தம் அவன் சப்பாத்தில் சொட்டியது. கதிர்காமநாதனின் பார்வை போன இடத்தை அவனும் குனிந்து பார்த்தான். முகம் வெளிறியது. கையைச் சட்டென்று காற்சட்டைப் பைக்குள் நுழைத்தான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மனேஜர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதிர்காமநாதன் அவரை நோக்கிக் கையை உயர்த்தப் போனான்.

தேவராஜா மற்றக் கையால் அதை எட்டிப் பிடித்தான்.

"தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், அந்தாளிட்டச் சொல்லிப்போடாதை. ரெண்டு வருசமா எனக்கு விரலில உணர்ச்சியே இல்லை."