மஞ்சு ஆடினாள்

ஒரு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் பாடையில் கிடத்தியிருந்த நைனாவின் மார்பு மாலையைச் சரிசெய்தாள் மஞ்சு. இளவழகன் கையை உதறப் பார்த்தான்.

"வுடுக்கா. அத்தைய ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்."

"இன்னிக்கு வேணாண்டா. மூச்ச இழுத்து வுடு."

அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா வசந்தாவை, அத்தை அம்மாக்கண்ணு வாசலிலேயே மறித்திருந்தாள். "உயிரோட இருக்கசொல்ல வுட்டுட்டுப் போனவளுக்கு இப்ப இன்னா வேல?" அம்மா பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டாள்.

சண்டை பொறுக்காமல் அம்மா பிறந்த வீட்டுக்குப் போனதிலிருந்து, இரண்டு வீடுகளுக்கும் நடுவில்தான் மஞ்சு வளர்ந்தாள். லீவு நாளில் அவலூர்பேட்டை, மற்ற நாளில் செஞ்சி. அங்கே அம்மாவின் புலம்பலைக் கேட்டுக்கொள்வாள். இங்கே தம்பி வீசியெறிந்த தட்டைப் பொறுக்குவாள். "எங்க மஞ்சுவுக்கு டென்ஷனே கெடையாது" என்று நைனா கன்னியப்பன் ஆட்டோ ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்வார். நேற்று அதே ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. மஞ்சு அழவில்லை. சொந்தக்காரர்களுக்கு போன் போட்டாள், ஐஸ் பெட்டிக்குச் சொன்னாள்.

பாடை எழுந்தது. பறை அதிர்ந்தது.

எங்கே அந்தச் சத்தம் கேட்டாலும் நைனா ஆட்டோவை ஓரங்கட்டிவிடுவார். யார் சாவு என்றுகூடக் கேட்காமல் இறங்கி ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் வருவார். மஞ்சுவின் பாதம் தரையைத் தட்டியது. மறுபடி தட்டியது. தம்பியின் கையை விட்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பறைக்காரர்களுக்கு நடுவே பாய்ந்தாள்.

முன்னால் அடித்துக்கொண்டிருந்த இளையபெருமாள் அவள் காலைப் பார்த்தார், அடியைக் கூட்டினார். அவள் சுழன்றாள், குதித்தாள். "நைனா! நைனா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சரவெடி படபடத்தது, சாமந்தி பறந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. உடம்பு மட்டும் காற்றாய்ப் போயிருந்தது.

"பொம்பளப்புள்ள நடுரோட்டுல ஆடறதா! யாராச்சும் புடிங்கடா!" அத்தை அலறினாள்.

இளவழகன் குறுக்கே வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆடட்டும் வுடு அத்த" என்றான், தணிந்த குரலில்.

இரு கைகளையும் விரித்து, கூட்டம் அவளை இடிக்காமல் பின்னாலேயே நடந்தான். அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

திருவண்ணாமலை ரோட்டு முனையில் மேளம் நின்றது. வைக்கோலைக் கொளுத்தி, தோல் தொய்ந்த பறைகளைக் காய்ச்சினார்கள். முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்காவிடம், தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கடித்து நீட்டினான் இளவழகன். யாருக்கும் மிச்சம் வைக்காமல் முழுவதையும் அவளே குடித்தாள்.

இளையபெருமாள் சூடேறிய தோலை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார்.