அட்டக்கோராவின் ஏசித் திருகு

டுஃபியின் படுக்கையறைச் சுவரில் உறைபனி படியத் தொடங்கியது எந்த மாதம் என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றின் புழுதி அடங்கி, தக்காளி விலை ஏறியிருந்த சமயம் என்று நினைவு, தவறாகவும் இருக்கலாம். படிந்தது மட்டும் உண்மை. கானாவின் வெயில் நகரமான குமாசியில் வேறு எந்த வீட்டிலும் அப்படி நடக்கவில்லை.

அவள் கணவர் அட்டக்கோரா இறந்து, சனிக்கிழமை ஈமச்சடங்கும் முடிந்திருந்தது. அவருடைய பழைய கார், சுவாமே பட்டறைத் தெருவில் எலக்ட்ரீஷியன் நிமாக்கோவிடம் நின்றது. பலவீனமான இதயத்துக்கு வெயில் ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் ஏசியைச் சரிபார்க்க விட்ட வண்டி. நிற்கும் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி, அவசர வண்டிக்குப் போட்டுவிட்டு, பிறகு வேறொன்று தேடி வைப்பது அந்தத் தெருவில் வழக்கம். டாக்ஸிக்காரன் இசாக்கா அவசரப்படுத்தினான். கிழவர் வண்டியில் ஏசியைக் கூட்டிக் குறைக்கும் திருகை, பின்னாலிருந்த சுவிட்சு கம்பிகளோடு நிமாக்கோ அவனுக்கு மாட்டிக்கொடுத்தான். வேறொன்று கிடைக்கவேயில்லை. டாஷ்போர்டு முகப்பில் ஓட்டையோடு வண்டியை எப்படித் திருப்பித் தருவது? தினமும் வந்து நின்ற அட்டக்கோராவிடம் "நாளைக்கு வாங்க பெரியவரே" என்றான். அப்படித் திரும்பிப் போன ஒரு நண்பகலில் அவர் ரவுண்டானா அருகே விழுந்து இறந்தார். நிமாக்கோவை யாரும் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பிறகு இசாக்கா வந்தான்.

"என்னத்த மாட்டிக் குடுத்தீங்க மாஸ்டர்? ஏசியப் போட்டா பாசஞ்சர் கென்கே மாவுருண்டை மாதிரி வெந்துபோறான். இறங்கும்போது இலையில கட்டிக் குடுக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

நிமாக்கோ டாக்ஸியின் முகப்பைப் பிரித்தான். விசிறி சுழன்றது, கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது, குழாய் குளிர்ந்து வியர்த்தது. துவாரத்தில் மட்டும் வெந்த காற்று. எல்லாக் கம்பிகளையும் உருவிப் புதிதாக இழுத்தான். எங்கும் தப்பில்லை. குழாயில் இருந்த குளிர் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

டுஃபியின் சுவரைப் பற்றித் தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள். நிமாக்கோ டாக்ஸியை ஓட்டிப்போய் அவள் வீட்டெதிரே நிறுத்தித் திருகைத் திருப்பினான். அவள் அறை ஜன்னல் கண்ணாடி பனி படர்ந்து வெளுத்தது. அணைத்தான், தெளிந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான்.

டுஃபி சுவரடியில் ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். சுவரிலிருந்து பனி உருகிச் சொட்டியது.

"வீட்டுக்கு வந்து சொல்லுவாரு. 'நாளைக்குன்னு சொல்றப்ப அந்தப் பய என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான், எதையோ கழட்டிட்டான்'னு. சொல்லிட்டுச் சிரிப்பாரு."

"தெரிஞ்சுமா வந்தாரு அக்கா?"

"வண்டி உங்கிட்டல்ல இருந்துச்சு. வேற எங்க போவாரு?"

திருகைக் கழற்றிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான்.

"கழட்டாத. கார்ல போறப்ப குளிர எப்பவும் என் பக்கமாத்தான் திருப்பி வைப்பாரு. இப்பவும் வைக்கிறாரு." பிறகு சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. மத்தியானத்துல ஏசிய நிறுத்திடாத, அவ்வளவுதான். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வருது."

நிமாக்கோ தன் சொந்தக் காரை இசாக்காவுக்குக் கொடுத்து டாக்ஸியை வாங்கிக்கொண்டான். இசாக்கா இப்போது டெச்சிமான் பாதையில் ஓட்டுகிறான். அவனுடைய ஏசி நன்றாக இருக்கிறது. டுஃபி மத்தியானங்களில் கம்பளிச் சட்டை போட்டுத் தூங்குகிறாள். பக்கத்து வீட்டார் தண்ணீர்ப் பாக்கெட்டுகளை அவள் அறையில் வைத்துக் குளிரவைக்கிறார்கள். அட்டக்கோராவின் கார் முகப்பில் ஓட்டையோடு அதே இடத்தில் நிற்கிறது; அதிலிருந்து ஓர் ஆணியையும் கழற்ற நிமாக்கோ விடுவதில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் அவன் டாக்ஸியில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, திருகைக் கடைசிவரை திருப்பிவைத்து உட்காருகிறான். வாடிக்கையாளர்கள் வெளியே காத்திருப்பார்கள். சட்டை பிழியப் பிழிய நனைந்து அவன் இறங்கியதும் தங்கள் வண்டியின் கோளாறைச் சொல்வார்கள்.