கொசுறு மேற்கோள்

பொன்னுதுரை அண்ணாச்சியின் அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. பருப்பை நிறுத்துக் கட்டிய பிறகு இன்னும் ஒரு பிடி அள்ளிப் பொட்டலத்தில் போடாமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை. கொசுறு போடாத கடைக்குக் குருவிகூட வராது என்பது பைபிளுக்கு அடுத்தபடி அவர் நம்பிய வசனம். தராசில் பிடித்ததில் ஒரு பங்குதான் கொசுறாகத் திரும்பிப் போகிறது என்பது கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த விளக்கவுரை.

மகன் தூத்துக்குடியில் டி.டி.பி. கடை போட்டார். கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலியிலும் தொடங்கி, ஆராய்ச்சி மாணவர்களிடம் வந்து நின்றார். கல்யாணம் ஒரு தடவையோடு முடிந்துவிடும். ஆராய்ச்சிக் கட்டுரை நாலு தடவை திருப்பியடிக்கப்பட்டு, நாலு தடவையும் கடைக்கு வரும். எல்லாம் ரெஃபரன்ஸ் செய்யும் வேலை. யார் யார் எழுதியதை ஆதாரமாகக் காட்டுகிறோமோ அந்தப் பட்டியலைக் கட்டுரையின் கடைசியில் கொடுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒரு மாமியார் குணம். ஒருத்திக்கு வருஷம் அடைப்புக்குள் வேண்டும். இன்னொருத்திக்கு அடைப்பைக் கண்டாலே ஆகாது. ஒருத்திக்குப் பத்திரிகையின் பேர் சாய்ந்த எழுத்தில் இருக்க வேண்டும், அதையும் பாதியாக வெட்டி. அத்தனை மாமியாரையும் அண்ணாச்சிக்குத் தெரியும்.

மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் ஷெர்லி மேடம் அனுப்பி வருகிறவர்கள். கல்லூரியின் கடலுயிர்த் துறையில் மேடம்தான் பெரிய கை. "அண்ணாச்சி கடைக்குப் போங்க" என்று மேடம் சொன்னால் போதும். அந்த நன்றிக்கு அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். மேடத்தின் மாணவர் யார் வந்தாலும், பட்டியலில் மேடத்தின் பழைய கட்டுரைகள் மூன்றைச் சேர்த்துவிடுவார். எத்தனை பேர் எடுத்துக் காட்டுகிறார்களோ அத்தனைக்கு எழுதியவருக்கு மதிப்பு. மேடம் கேட்டதில்லை, வேண்டாம் என்றதும் இல்லை. பார்த்த மாணவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மேடத்தின் பேரை அடித்துவிட்டு அந்த லேபில் யார் குப்பை கொட்ட முடியும்?

ஜெபிஷா பார்க்கவில்லை.

சாயர்புரத்துப் பெண், மேடத்தின் மாணவி. துறைமுகத்துக்கு வெளியே கடலடிப் பாறைத் திட்டுகளில், அந்தப் பழைய முத்துச் சிப்பிப் பார்களில், குஞ்சுச் சிப்பி ஏன் ஒட்டுவதில்லை என்பது அவள் ஆராய்ச்சி. படகில் போய் வாந்தி எடுத்து எடுத்தே மூன்று வருஷமாகச் சிப்பி மாதிரிகள் சேகரித்தவள். பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டால்தான் பட்டம். கட்டுரையும் நல்ல கட்டுரை. ஜர்னல்காரர்கள் ஏற்றுக்கொண்ட மாதிரிதான், ரெஃபரன்ஸை மட்டும் எங்கள் முறைப்படி மாற்றி அனுப்புங்கள் என்றார்கள்.

அண்ணாச்சி மாற்றினார். கொசுறையும் போட்டார்.

"பாத்துக்கிடும்மா. சரின்னா இந்த இடத்துல அமுக்கு."

"நீங்க பாத்தா போதாதா அண்ணாச்சி?" என்று சிரித்தபடியே அமுக்கிவிட்டாள். பலசரக்குக் கடையில் பொட்டலத்தைப் பிரித்து யார் பார்க்கிறார்கள்?

அடுத்த வாரம் ஜர்னலிலிருந்து அஞ்சல் வந்தது. நீங்கள் ஆதாரம் காட்டிய ஒரு கட்டுரை, வேறொருவரின் படங்களைப் பயன்படுத்தியதற்காக வெளியிட்டவர்களாலேயே முன்பு திரும்பப் பெறப்பட்டது. அதை எழுதியவர் உங்கள் கட்டுரையையும் உங்களோடு சேர்ந்து எழுதியவர். விளக்கம் தேவை. அதுவரை கட்டுரை நிறுத்தி வைக்கப்படுகிறது. நகல்: ஷெர்லி மேடத்துக்கு.

மேடம் யாருக்கும் தெரியாமல் புதைத்து வைத்திருந்த கட்டுரை அது.

ஜெபிஷா கடைக்குள் நுழைந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க? மேடத்தை அசிங்கப்படுத்தணும்னே நான் தேடிப்பிடிச்சுப் போட்டேன்னு சொல்லுதாங்க. பதில் எழுதிக் கொடுக்க மாட்டேங்காங்க. கட்டுரையையே வாபஸ் வாங்கப் போறாங்களாம்."

"எனக்கு அது செத்த கட்டுரைன்னு எப்படிம்மா தெரியும்? நான் என்ன கடலுயிர் டாக்டரா?"

"தெரியாதுல்லா? அதைத்தான் வந்து சொல்லுங்க. நீங்களாப் போட்டீங்க, எனக்குத் தெரியவே தெரியாது. இந்த ரெண்டு வார்த்தை போதும்."

"டைப்பிங்ல தவறு வந்துட்டுன்னு சொல்லுவோம்."

"மூணு கட்டுரை முழுசா டைப்பிங் தவறாவா வரும்?"

"சரி, கம்ப்யூட்டர் தானாச் சேத்துட்டுன்னு…"

"அண்ணாச்சி, நான் வெங்காயமா வாங்க வந்திருக்கேன்? விலை கொறைக்காதீங்க. நீங்க போட்டீங்க, எனக்குத் தெரியாது. சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லுதேன். வா."

ஆட்டோவில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கல்லூரி மாடியேறி மேடத்தின் அறைக்குள் நுழைகிறவரைக்கும் அந்த இரண்டு வார்த்தையும் வாயில்தான் இருந்தன.

மேடம் அவரை உட்காரச் சொன்னார். ஜெபிஷாவைச் சொல்லவில்லை.

"எனக்குச் சுத்தி வளைக்க நேரமில்ல அண்ணாச்சி. அதைப் போட்டது நீங்களா, இவளா?"

"நான்தான் மேடம் போட்டேன்."

ஜெபிஷா மூச்சு விட்டாள்.

"எதுக்கு?"

"உங்க மேல உள்ள மரியாதைக்குத்தான். உங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் போடுததுதான்."

மேடத்தின் முகம் சிவந்தது. "எல்லாருக்குமா? அப்போ என் லேப் பூராவும் இதுதான் பேச்சா? நான் கேட்டு வாங்குனதா வெளிய சொல்லுவாங்களா? இனி உங்க கடைக்கு ஒருத்தர் வரணுமா வேண்டாமா?"

கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் நூறு என்பார், இன்னொருத்தர் அம்பது என்பார். சண்டை முற்றும்போது நடுவில் ஒரு இடத்தில் கைகொடுத்துவிடுவார்கள். யாருக்கும் முழு லாபமில்லை. யாரும் செத்துப் போவதும் இல்லை. அண்ணாச்சிக்கு அந்த வினாடியில் அந்த நடு இடம் கண்ணில் பட்டது.

"அடிச்சது நான்தான் மேடம். இல்லைங்கல. ஆனா பாப்பா பாத்து, சரின்னு அமுக்குன பிறகுதான் அனுப்புனோம்."

பொய் ஒன்றும் இல்லை. அமுக்கியது அவள்தான்.

"அண்ணாச்சி!" என்றாள் ஜெபிஷா.

"அப்போ பாத்திருக்கா," என்றார் மேடம். அவருக்கு வேண்டிய பாதி அதுதான். குரல்கூட இறங்கிவிட்டது. "எது செத்தது, எது உயிரோட இருக்குன்னு பாக்க வேண்டியது ஸ்காலர். பாத்துட்டே விட்டிருக்கா. இதை நான் அப்படியே ஜர்னலுக்கு எழுதிடுதேன். கட்டுரை வாபஸ். நீ போகலாம் ஜெபிஷா. லேப் சாவியை உன் ஜூனியர் பெவின்கிட்ட கொடுத்துட்டுப் போ."

"மேடம், மாசக் கடைசியோட எனக்கு…"

"தெரியும்."

வராந்தாவில் அண்ணாச்சி அவள் பின்னாலேயே ஓடினார். "யம்மா, நில்லு. இதைவிட நல்ல ஜர்னலுக்கு மாத்தித் தாரேன். இன்னைக்கே உக்காந்து முடிப்போம். காசு ஒண்ணும் வேண்டாம்."

"மேடம் கையெழுத்து இல்லாம எந்த ஜர்னலு அண்ணாச்சி?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பார். "பாதியாவது சொன்னோமேன்னு நெனைக்கீங்க. ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா நான் இன்னும் கெஞ்சிப் பாத்திருப்பேன்."

அறைக்குள்ளிருந்து மேடத்தின் குரல் வந்தது. "அண்ணாச்சி, பெவினோட கட்டுரை இந்த வாரம் வரும். அவசரம்."

"அனுப்புங்க மேடம்," என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

லேபில் கண்ணாடித் தொட்டிக்குள் அவள் வளர்த்த சிப்பிகள் கிடந்தன. பெவின் சங்கடத்தோடு கையை நீட்டினான். அவள் சாவியை வைத்தாள்.

"தினமும் கடல்தண்ணி மாத்தணும். மாத்துவியாலே?"

"மேடத்துகிட்ட கேட்டுட்டுச் செய்யுதேன்க்கா."

அது சனிக்கிழமை. ஞாயிறு முழுக்க, தண்ணீர் மாற்ற ஆளில்லாமல், லேப் பூட்டிக் கிடந்தது. திங்கள்கிழமை கதவைத் திறந்தபோது நாற்றம் வராந்தாவரைக்கும் வந்துவிட்டது. சிப்பிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.