பன்னிரண்டாம் கட்டில்

எங்கள் விடுதியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. கட்டில் எண்தான் பெயர். தையல் கம்பெனியின் மாடியில் ஒரே நீள அறை, பன்னிரண்டு கட்டில்கள். நான் ஒன்பது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வாயே திறக்க மாட்டேன். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வார்டன் அக்கா வருகைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் எண்களைக் கூப்பிடுவார். “உள்ளேன்” என்று குரல் வந்தால் நான் ஒரு கோடு போடுவேன். வராவிட்டால் ஒரு வட்டம்.

ஆற்றின் கரை உடைந்த அன்று ஏழாம் கட்டில்காரிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வார்டன் அக்கா அவளைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு, “ஒரு மணி நேரத்துல வந்துடறேன். யாரும் கீழ இறங்கக் கூடாது. ஒண்ணு, நீ பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். வேன் போன தெருவிலேயே தண்ணீர் வந்தது. எங்கள் போன்களெல்லாம் கீழே ஆபீஸ் பீரோவில் பூட்டியிருந்தன. பீரோ முழுகிப்போனது.

கீழிருந்து மாடிக்குப் பதினைந்து படிகள். மேல்படியில் ஓர் இரும்புக் கதவு, தாழ்ப்பாள் எங்கள் பக்கம். சாயங்காலத்துக்குள் ஐந்து படிகளைத் தண்ணீர் விழுங்கியிருந்தது.

ஒண்ணாம் கட்டில் அக்காவை நாங்கள் ஒண்ணாக்கா என்போம். பதினேழு வயது, எங்களில் மூத்தவள். முதல் நாள் அவள் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் அழுதே ஓய்ந்திருப்போம். குடிதண்ணீர் டிரம்மில் பாதிதான் இருந்தது. ஆளுக்குக் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்றாள். பிஸ்கட்டுகளைப் பங்கு போட்டாள். தன் பங்கில் ஒன்றைப் பன்னெண்டின் கையில் திணித்து, “மூக்கத் துடைடி முதல்ல. வெளியில ஓடுற தண்ணி போதும்,” என்றாள். பன்னெண்டு வேலைக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. எங்களில் சின்னவள் அவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒண்ணாக்கா கைதட்டினாள். “அட்டெண்டன்ஸ் எடுக்கணும். வார்டன் அக்கா இல்லேன்னா நாம என்ன மந்தையா?” கம்பெனி சூப்பர்வைசர் எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும் இஞ்ச் டேப் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“மகாராணிக்கு மாலை வந்தாச்சு. மாப்பிள்ளைதான் பாக்கி,” என்றாள் ஐந்தாம் கட்டில்காரி அஞ்சு. அறையே சிரித்தது. ஒண்ணாக்காவும் சிரித்தாள். எண்களைக் கூப்பிட்டாள். ஏழுக்கு நேராக நான் வட்டம் போட்டேன்.

அன்று மாலை அஞ்சு ஒரு பிஸ்கட் கூடுதலாக எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒண்ணாக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. “ஒம்பது, நாளைக்கு இவளுக்கு வட்டம் போடு,” என்றாள்.

“அக்கா, நான் இங்கதானே இருக்கேன்!”

“வட்டம் வாங்குனவ இங்க இல்ல. இல்லாதவளுக்கு எதுக்குத் தண்ணி?”

எனக்கு அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது. காலையில் போட்டேன். அஞ்சு “உள்ளேன், உள்ளேன்” என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்குள் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டோம். மத்தியானம் அவள் உதடு வெடித்திருந்தது. மாலையில் ஒண்ணாக்கா காலடியில் உட்கார்ந்து கெஞ்சி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. நூல் வெட்டும் டிரிம்மரைக் கையில் பிடித்துக்கொண்டு டிரம் பக்கத்தில் காவல் நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை.

அதே மாலை பன்னெண்டுக்குக் காய்ச்சல் கண்டது. பற்கள் தந்தியடிக்கும் சத்தம் நாலு கட்டிலுக்குக் கேட்டது. ஒண்ணாக்கா எட்ட நின்றே அவளைப் பார்த்தாள். ஒண்ணாக்காவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

“ஏழுக்கு வந்ததுதான் இது. தொத்திக்கும். ஒருத்திக்காக எல்லாரும் சாகணுமா? நீங்களே சொல்லுங்க.”

ஒவ்வொருத்தியாகப் போர்வையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். நானும்தான்.

“படியில உக்காரட்டும். காய்ச்சல் விட்டதும் உள்ள வரலாம்.”

பன்னெண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு தானாகவே நடந்து போனாள். வெளியே போகும்போது, “கதவ சாத்திடாதீங்கக்கா,” என்றாள். அஞ்சு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்போது ஏழு படிகள்தான் தண்ணீருக்கு மேல் இருந்தன.

மறுநாள் காலை ஒண்ணாக்கா பதினொன்று வரை கூப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரும் கூப்பிடாமலே, குரல் வந்தது.

“உள்ளேன்.”

எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். “வட்டம்,” என்றாள் ஒண்ணாக்கா. என் கை வட்டத்தைப் போட்டது. அழகாகத்தான் போட்டது.

என் டம்ளரில் பாதித் தண்ணீரில் துப்பட்டா நுனியை நனைத்து, கதவுக்கடியில் இருந்த இரண்டு விரல் இடுக்கில் தள்ளினேன். அந்தப் பக்கம் அதை யாரோ இழுத்துச் சப்பினார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான். என் தோளில் டிரிம்மரின் முனை குத்தியது.

“உனக்கும் வட்டம் வேணுமாடி?” என்றாள் அஞ்சு, மெதுவாக.

நான் துப்பட்டாவை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த காலை ஒண்ணாக்கா பதினொன்று என்று கூப்பிட்டு நிறுத்தினாள். நாங்கள் காத்திருந்தோம். கதவுக்கு அப்பால் தண்ணீர் சளக் சளக்கென்று அடிப்பது மட்டும் கேட்டது. நான் குனிந்து இடுக்கில் பார்த்தேன். நேற்று வெளிச்சம் தெரிந்த இடம் இருட்டாக இருந்தது.

“வட்டம்,” என்றாள் ஒண்ணாக்கா. குரல் உடைந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சத்தம். ரப்பர் படகு. ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்ட இரண்டு பேர். “எத்தனை பேரும்மா இருக்கீங்க?”

“பத்துப் பேர் சார்!” என்று ஒண்ணாக்கா கத்தினாள். பதிவேட்டை என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியே நீட்டினாள்.

படகுக்காரர் பக்கத்தைப் பார்த்தார். “அடடா, இந்த நெலமையிலயும் ரெஜிஸ்டரா! பத்துக் கோடு, ரெண்டு வட்டம். இந்த ரெண்டு பேர் எங்க?”

“காய்ச்சல் சார். வார்டன் அக்கா முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

ஜன்னலிலிருந்து படகுக்கு ஒரு சின்ன ஏணி வைத்தார்கள். எண் வரிசைப்படியே இறங்கினோம். ஒண்ணாக்கா கடைசியாக வருவதாகச் சொல்லி ஜன்னலோரம் நின்றாள். என் முறை வந்தபோது காதோரம் குனிந்தாள். அவள் மூச்சு சுட்டது. “அவ செத்துட்டாடி. கதவத் திறந்தா நாம எல்லாரும் மாட்டிப்போம். வட்டம் போட்டது யாரு? கையெழுத்து யாரோடது?”

என்னுடையதுதான்.

ஏணியில் ஒரு கால் வைத்தேன். படகுக்காரர் கையை நீட்டினார். “பன்னெண்டு உள்ள இருக்கா,” என்றேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

“என்னம்மா?”

“பன்னெண்டு உள்ள இருக்கா! கதவுக்கு அந்தப் பக்கம்!” பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“ஜுரத்துல பெனாத்தறா சார்,” என்றாள் ஒண்ணாக்கா.

நான் காலை உள்ளே எடுத்து ஓடினேன். கதவை மறித்துக்கொண்டு அஞ்சு நின்றாள், இறங்க வேண்டியவள் இறங்காமல். கையில் டிரிம்மர். என்னைப் பார்த்தாள். பிறகு, தண்ணீர் கிடைக்காத அந்த நாளில் வெடித்த உதட்டை நாக்கால் தடவினாள். ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

தாழ்ப்பாளை இழுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. அதன்மேல் சாய்ந்திருந்தவள் என் காலில் விழுந்தாள். இடுக்கை அடைத்திருந்த இருட்டு அவள் முதுகுதான். தண்ணீர் மேல்படியைத் தொட்டிருந்தது. இடுப்பு வரை நனைந்து, விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். சத்தம் வற்றிப்போய், காற்றாக வந்தது அந்தச் சொல். காலையில் நாங்கள் காத்திருந்தபோதும் அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பன்னெண்டு பிழைத்தாள். அவள் அம்மா வந்து அழைத்துப்போனார். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வெள்ளம் வடிந்ததும் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். பதிவேட்டை உயர்த்திக் காட்டினார். “அஞ்சு நாள் தண்ணிக்கு நடுவுல, ஒரு நாள்கூட அட்டெண்டன்ஸ் தவறல. இதுதான் ஒழுங்கு!” என்று சொல்லி ஒண்ணாக்காவை சூப்பர்வைசர் ஆக்கினார். எல்லோரும் கைதட்டினோம்.

வார்டன் அக்கா விடுதிக்குத் திரும்பவில்லை. இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு ஒண்ணாக்காதான் எண்களைக் கூப்பிடுகிறாள். கழுத்தில் அதே டேப். பதிவேடு இன்னும் என்னிடம்தான். எட்டைக் கூப்பிட்டதும் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். பேனாவை என் எண்ணுக்கு நேராக வைத்துக் காத்திருக்கிறேன்.

“ஒம்பது.”

“உள்ளேன்,” என்கிறேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“உள்ளேன்,” என்று இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.