நாய்ஸ் நீக்கப்பட்டது: 5

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரும் கொமுட்டர் ரயிலில், பக்கத்து இருக்கைப் பெண்ணிடமிருந்து கிடைத்தது. அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா இருந்தது. மூடியில் ஓட்டை போட்டு மூன்று ஒயர்கள் வெளியே வந்திருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த இருவர் புக்கிட் பாடாக் ஸ்டேசனில் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். எனக்கும் போக ஆசைதான். முட்டி வலி, எழுந்திருக்க முடியவில்லை. இந்தக் கதைக்கு என் தரப்பிலிருந்து கிடைத்த பங்களிப்பு அந்த முட்டி வலி ஒன்றுதான்.

“பயப்படாதீங்க அங்கிள், குண்டு இல்ல,” என்றாள். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஸ்டேசனிலும் அறிவிப்பு ஒலிக்கும்போது அவள் சொன்னது காதில் விழவில்லை. அந்த இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள், இப்போது எனக்கே தெரியாது.

2

தொடக்கம் ஒன்று: தெலுக் பங்லிமா காராங்கின் வானம் அன்று மிளகாய்ப் பழத்தின் நிறத்தில்

அடித்துவிட்டேன். வானம் வானத்தின் நிறத்தில்தான் இருந்திருக்கும்.

தொடக்கம் இரண்டு: இவ்வுலகில் அதிராத பொருள் என்று ஒன்று உண்டா? அணு முதல் அண்டம் வரை

இதையும். மிளகாய்த்தூள் ஆலைக்கு இத்தனை பெரிய கோபுர வாசல் வேண்டாம்.

தொடக்கம் மூன்று: லோகேஸ்வரிக்கு முப்பத்தொரு வயது. ஷா ஆலமில் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியன். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

இது நிற்கட்டும். அழகாக இல்லை, ஆனால் பொய்யும் இல்லை.

3

தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள மிளகாய்த்தூள் ஆலையில் மூன்று அரவை மெஷின்கள். மூன்றாவதை ஓட்டுபவர் பாலன். பத்தொன்பது வருடமாக அதே மெஷின். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து வெடித்திருக்கும். அவர் அதைத் துடைக்க விடமாட்டார். ஒருநாள் அவர் புகார்த் தாளில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்: நாய்ஸ்.

(குறிப்பு: சத்தம் என்று பொருள்படும் இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் வாசலில் ஒரு நாய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நொய்ஸ் என்றால் நொய்யரிசி நினைவுக்கு வருகிறது. நான் நாயையே தேர்ந்தெடுத்தேன். ஆபத்தென்றால் அதற்குக் குரைக்கவாவது தெரியும்.)

புகாரைப் பார்க்க லோகேஸ்வரி வந்தாள். கையில் அந்தச் சாப்பாட்டு டப்பா. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கணினிப் பலகை, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு சென்சார், அந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஒரு சில்லு. எல்லாம் அவளே பூட்டியது. கம்பெனியில் அதற்காக அவளை மெச்சியிருந்தார்கள். சென்சாரை மெஷினில் பசை போட்டு ஒட்டினாள். [இங்கே ஒரு பத்தி இருந்தது. கதையின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாகப் பட்டது. எடுத்துவிட்டேன்.] பிறகு ஒரு மணி நேரம் அளந்தாள்.

பலகை வினாடிக்குப் பத்து முறை அளந்தது. மணிக்கு முப்பத்தாறாயிரம் எண்கள். கோடு, துவைத்துக் காயப்போட்ட வேட்டி போலத் தட்டையாக வந்தது. மற்றவற்றோடு ஒட்டாமல் எகிறிய எண்களை அவளுடைய புரோகிராம் பிழை என்று தானே தள்ளிவிட்டது. இந்தத் தொழிலில் அப்படி எகிறும் தப்பு எண்களுக்கு நாய்ஸ் என்று பெயர். தள்ளியதை அது சேமிக்கவில்லை, எத்தனை என்று மட்டும் எண்ணி வைத்தது. அவள் அறிக்கையின் அடியில் அது தானாகவே அச்சானது:

நாய்ஸ் நீக்கப்பட்டது: 5

ஆலை மேனேஜர் யோகநாதன் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் ‘நாய்ஸ்’. இன்னொன்றில் ‘நாய்ஸ் நீக்கப்பட்டது’. நல்ல மனிதர், நிதானமானவர், தாள்களை நம்புகிறவர். புகார் தீர்ந்தது என்று கையெழுத்துப் போட்டு மெஷினை ஓட்டச் சொன்னார்.

4

அடுத்த பத்து நாளில் பாலன் மூன்று முறை சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினார். மூன்று முறையும் காரணம் என்று எழுதியது அதே ஒற்றைச் சொல். மூன்றாவது முறைக்குப் பிறகு அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைக் காரணமின்றி நிறுத்தியது, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு விசாரணை, வேலை போகலாம். ஆதாரமாக இணைத்திருந்தது லோகேஸ்வரியின் அறிக்கை.

அவர் ஷா ஆலமுக்கே வந்தார். அரைநாள் லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில், இஸ்திரி போட்ட சட்டையோடு.

“நான் நாய்ஸ் வருதுன்னு எழுதினேன். நீ நாய்ஸ எடுத்துட்டேன்னு எழுதியிருக்கே. எங்கமா எடுத்தே? அது இன்னும் அங்கதான் இருக்கு.”

“அண்ணே, அது வேற நாய்ஸ் லா.”

“வேறயா? எத்தனை இருக்கு?”

லோகேஸ்வரி விளக்க வாய் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். விளக்கினால் தன் அறிக்கை எதைச் சொல்கிறது என்று தனக்கே தெரிந்துவிடும் என்று பயந்தாள். (இந்த வாக்கியம் என்னுடையது. அப்போது பாடாங் ஜாவா ஸ்டேசன் அறிவிப்பு.)

5

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரே பத்திதான்.

வினாடிக்குப் பத்து முறை பார்ப்பவன் அந்தப் பத்துப் பார்வைக்கு நடுவில் குருடன். அவளுடைய பலகை ஓர் எண்ணை அளந்து, அதை நினைவு அட்டையில் எழுதி, திரையில் காட்டி, பிறகுதான் அடுத்த எண்ணுக்குப் போனது. எழுதிக்கொண்டே அளந்தால் வேகம் வராது. பலகைக்குள் இன்னொரு சின்ன மூளை உண்டு. வேறு வேலை வைக்காமல் அதை அளக்க மட்டும் விட வேண்டும். நினைவில் மொத்தமாகக் குவித்துக்கொண்டு, பிறகு நிதானமாக எழுதலாம். அப்படிச் செய்தால் அதே பலகை வினாடிக்குப் பத்தாயிரம் முறை அளக்கும். ஒன்றையும் தள்ளக் கூடாது.

(இதைக் கேட்டதும் நானும் அப்படியே எழுதுவது என்று முடிவு செய்தேன். முதலில் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்வது, பிறகு எழுதுவது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பாதிதான் நினைவில் இருந்தது. மனிதனுக்கு அந்தச் சின்ன மூளை கிடையாது.)

லோகேஸ்வரி இரண்டு நாள் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குப் போய் மீண்டும் அளந்தாள். தட்டைக் கோட்டில், நாற்பது வினாடிக்கு ஒருமுறை, ஓர் ஊசி நின்றது. ஒவ்வொன்றும் ஆறு மில்லிசெகண்ட், வினாடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் விரிசல் விட்டிருந்தது. கணக்குப் போட்டாள். வினாடிக்குப் பத்து என்று ஒரு மணி நேரம் அளந்தால், இந்த ஊசிகளில் ஐந்தோ ஆறோதான் கண்ணில் படும்.

ஐந்து.

அவள் அழுதாளா என்று கேட்டேன். “தும்மினேன் அங்கிள். அங்க எல்லாரும் தும்முவாங்க,” என்றாள்.

6

மேனேஜர் புதிய வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அன்றே மெஷினை நிறுத்தி, பேரிங்கை மாற்ற உத்தரவு கொடுத்தார். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் பெத்தாலிங்கில் இறங்கியிருப்பேன்.

“மெஷினுக்கு இது காணும், மிஸ் லோகேஸ்வரி. ஆனா பாலன்ட கேஸுக்குக் காணாது,” என்றார். அவர் பேச்சில் காணாது என்றால் போதாது. “இது இப்ப எடுத்தது. அவர் நிப்பாட்டின நேரம் மெஷின் நல்லா இருந்ததெண்டு உங்கட பழைய ரிப்போர்ட் சொல்லுது. விரிசல் அதுக்குப் பிறகு வந்திருக்கலாம்தானே?”

“அதுல அஞ்சு இருந்துச்சு சார். நீக்குனது.”

“அந்த ஐஞ்சையும் காட்டுங்கோ.”

“சேமிக்கல.”

“அப்ப அது கரண்ட் பிழையாயும் இருக்கலாம்.” அவர் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முடிவுகளுக்கு வருகிறேன். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பழைய எண்கள் கம்பெனிக் கணினியின் ஏதோ மூலையில் கிடைக்கின்றன. பாலன் மாலையோடு

வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

முடிவு ஆ: பழைய பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் விரிசல் பல மாதம் பழையது என்று துரு சொல்கிறது. நானும் ஆசைப்பட்டேன். அவளிடமே கேட்டேன். மாற்ற வந்த ஆட்கள் அதைப் பழைய இரும்பு லோரியில் போட்டு அனுப்பிவிட்டார்களாம்.

முடிவு இ: பலகை மெதுவானது, யார் குற்றமும் இல்லை என்று அவள் செவ்வாய்க்கிழமை சொல்கிறாள். எல்லாரும் நம்புகிறார்கள். அது உண்மையும்கூட. அவள் வேலை நிலைக்கிறது, பாலன் வேலை போகிறது.

மூன்றாவது நன்றாக எழுத வந்தது. அதனால்தான் பிடிக்கவில்லை.

7

ரயில் சென்ட்ரலுக்குள் நுழைந்தது. அவள் அங்கே மாறி ஜாலான் பாசார் போய், சென்சாருக்கு ஒரு கேபிள் வாங்க வேண்டும். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அங்கிள் என்ன வேலை?”

“கதை எழுதுறேன்.”

“அப்ப நீங்களும் தேவையில்லாதத எடுத்துருவீங்க.”

“ஆமாமா.”

“எடுத்தத வெச்சிருப்பீங்களா?”

கதவு திறந்தது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

வைத்திருக்கிறேன். மூன்றாம் பகுதியில் எடுத்த பத்தி இது. அங்கே வைத்தால் லோகேஸ்வரியின் மேல் உங்களுக்கு இரக்கம் வராது என்று எடுத்தேன்:

பசை காய்ந்ததா என்று பார்க்க லோகேஸ்வரி மெஷினில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு நிமிடம் வைத்திருந்தாள். கைக்குள் ஒருமுறை தட்டியது. எதிரே நின்ற பாலன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியுதாமா?” என்று கேட்டார். “டப்பா என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்ணே,” என்றாள்.

தன் விளக்கக் கடிதத்தில் பாலன் இதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று ஷா ஆலமில் அவள் கேட்டிருக்கிறாள். “நீ வேலைக்குப் புதுசு,” என்றாராம்.

நீங்கள் இதை எந்தக் கிழமையில் படிக்கிறீர்களோ தெரியாது. செவ்வாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மணி பத்து. மேசையின் அந்தப் பக்கம் பாலன், இஸ்திரி போட்ட அதே சட்டை. யோகநாதன் பேனாவைத் திறந்துகொண்டு கேட்கிறார்:

“மிஸ் லோகேஸ்வரி, முதல் நாளே அந்த மெஷின்ல ஏதும் இருந்ததோ?”

பாலன் அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சன்னலைப் பார்க்கிறார். லோகேஸ்வரி அன்று மெஷினில் வைத்த தன் வலது உள்ளங்கையை மேசைமேல் எடுத்து வைத்து,